கண் வராத ரேடியோ

என் அண்ணனுக்கு நாற்பது ரேடியோ, ஒரு மனைவி. இந்த வரிசையில் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். வரட்டும். எழுதுகிறவள் நான், வரிசையை நான்தான் போடுவேன்.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்து நான்கு வருஷமாக ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றிவிட்டுத் தான் மட்டும் தரைத்தளத்து வாடகை வீட்டில் இருக்கிறவன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர், நகக்கண்ணில் போகாத கிரீஸ். பேச்சு குறைவு. வால்வு ரேடியோ என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் மட்டும், அவன் வாயை மூடவைக்க ஆள் தேட வேண்டும். டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்து மரப்பெட்டி ரேடியோக்கள் அவை. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் நின்று எரியும். யாரோ பரணிலிருந்து ஒன்றை இறக்கிப் பழைய சாமான்காரரிடம் போடப்போகிறார்கள் என்று தகவல் வந்தால் போதும், போட்டது போட்டபடி ஓடுவான். தூசியும் கரப்பானும் குடியிருக்கும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வருவான். அதைப் பிரித்து, துடைத்து, வெடித்த பாகங்களை மாற்றி, மாதக்கணக்கில் உட்கார்ந்து அதைப் பாடவைப்பான். பாடிவிட்டால் அடுத்தது.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாலு பேர் என்னைப் பார்த்துப் பயப்படுவார்கள். அவனுக்கு நான் இன்னும் பாப்பா.

அண்ணியை அவன் கண்டுபிடித்ததும் லிஃப்டில்தான். பெரிய ஆஸ்பத்திரியின் லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இருந்தது ஆஸ்பத்திரியின் டெலிபோன் ஆபரேட்டர், கையில் சாப்பாட்டு டப்பாவோடு. இவன் மேலிருந்து கதவை நெம்பித் திறந்தபோது முதலில் தெரிந்தது அவள் உச்சந்தலை. மற்றவர்களாக இருந்தால் அழுவார்கள், கத்துவார்கள். அவள் அண்ணாந்து பார்த்து, "மெதுவாவே பண்ணுங்க, எனக்கு இன்னும் இருபது நிமிஷம் பிரேக் இருக்கு" என்றாளாம். இவன் இருபது நிமிஷத்தையும் எடுத்துக்கொண்டான். ஐந்து நிமிஷ வேலை அது என்று அவனே பிறகு ஒப்புக்கொண்டிருக்கிறான். தலையை மட்டும் பார்த்துப் பெண் பார்த்தவன் என்று குடும்பத்தில் இன்றைக்கும் கேலி உண்டு.

அண்ணியின் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷம் அந்த ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் உட்கார்ந்தவள். போன் செய்தவர் ஹலோ சொல்வதற்குள் ஆள் யாரென்று சொல்லிவிடுவாள். மூச்சு விடுவதே போதும் அவளுக்கு. என் வீட்டுக்காரர் இறந்து ஆறு மாதம் கழித்து ஒரு மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரத்தில் அண்ணி போன் செய்தாள். நான் எடுத்தேன். பேச வாய் வரவில்லை. இரண்டு விநாடிதான் இருக்கும். "நான் வரேன், கடைய விட்டு எங்கயும் போகாத" என்று வைத்துவிட்டாள். கால் மணியில் வந்து நின்றாள். நான் அழுதேன் என்று யாருக்கும் தெரியாது, சத்தமே வரவில்லை. அப்படிப்பட்ட காது.

அந்தக் காதுதான் போக ஆரம்பித்தது.

முதலில் போர்டில் தப்பு நடந்தது. பிரசவ வார்டு கேட்டவருக்கு பில் கவுன்ட்டரைக் கொடுத்தாள். ஒரு டாக்டர் இரண்டு தடவை பெயரைச் சொல்லியும் மூன்றாவது தடவை கேட்டாள். அவளே போய்க் காது டாக்டரிடம் உட்கார்ந்தாள். காதுக்குள் இருக்கிற நரம்பு பழுதாகிக்கொண்டு வருகிறது, இரண்டு பக்கமும், திரும்பி வராது என்றார். மெஷின் கொடுத்தார். அதைப் போட்டால் எல்லாம் தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டுவது மாதிரி இருக்கிறது என்று அண்ணி இரண்டே மாதத்தில் கழற்றி வைத்துவிட்டாள். "எவ்வளவு நாள் இருக்கும் டாக்டர்?" என்று, மூன்று பேருமாக மறுபடி போனபோது அண்ணன் கேட்டான். ஒரு வருஷம் இருக்கலாம், அதற்கு முன்பும் போகலாம் என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மூன்று பேரும் இருந்தோம். அண்ணி நடுவில். அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான், முகத்தைக் காட்டவில்லை. அவள்தான் பேசினாள்.

"என்னங்க, காது போறதுக்குள்ள எங்க வீட்டு ரேடியோவ ஒரு தடவ கேக்கணும்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் ரேடியோ பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தையும் அதுதான். அதுவரை அவளுக்கு ரேடியோ என்றால் கட்டிலுக்கு அடியில் கால் இடிக்கிற பொருள்.

அவள் பிறந்த வீட்டு ரேடியோ அவளுடைய அண்ணன் வீட்டுப் பரணில் போர்வை சுற்றிக் கிடந்தது. என் அண்ணன் அதற்காக எத்தனையோ வருஷம் நடையாய் நடந்திருக்கிறான். மச்சான் அசையவில்லை. இந்தப் பைத்தியத்திடம் கொடுத்தால் பிரித்துப் போட்டுவிடுவான் என்ற பயம். விஷயம் தெரிந்த மறுநாள் காலை அந்த மனிதர் ரேடியோவைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். "எடுத்துக்கோங்க மாப்ள" என்று மேஜையில் வைத்துவிட்டு, தங்கையின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

இரண்டு தலையணையை அடுத்தடுத்து வைத்த அகலம். மேல்பலகையில் இஸ்திரிப் பெட்டியின் முனை அளவுக்குக் கருகல் ஒன்று. பதினொரு வயதில் ரேடியோ மேல் சீருடையை விரித்து இஸ்திரி போட்டவள் அண்ணிதான். அந்தக் கருகலைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு முன்பக்கக் கண்ணாடிக்கு மேலே இருந்த வட்ட ஓட்டையைக் காட்டினாள். அதன் பின்னால் ஒரு வால்வு இருக்கிறது. மேஜிக் ஐ என்பார்கள், அண்ணன் கண்ணு என்பான். ஸ்டேஷன் சரியாகப் பிடிபட்டால் அதில் எரியும் பச்சை வெளிச்சத்தின் இடைவெளி மூடிக்கொள்ளும்.

"இதுல பச்சையா எரியும். கரெண்ட் போயி வந்தா மொதல்ல இதத்தான் பாப்போம். எங்கப்பாவால எழுந்து நடக்க முடியாது, படுத்தபடியே 'கண்ணு மூடிச்சா, கண்ணு மூடிச்சா'ன்னு கேப்பார். மூடிச்சுப்பான்னு சொன்னாத்தான் அவருக்குத் திருப்தி."

இதை அவள் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். போகிற போக்கில் சொன்ன பேச்சு. அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான்.

அவன் வேலை செய்கிற இடம் வீட்டில் இல்லை. மேல்வீட்டில் ஒரு ஓய்வுபெற்ற வக்கீல் இருக்கிறார். கீழே ஸ்பூன் விழுந்தால் மேலிருந்து தரையைத் தட்டுவார். ரேடியோ கரகரத்த முதல் நாளே இறங்கி வந்து சட்டம் பேசியவர். பெரிய மீசை, பேசினால் மீசைதான் ஆடும். அவருக்குப் பயந்து அண்ணன் தன் ரேடியோக்களையெல்லாம், தான் பார்த்துக்கொள்கிற ஒரு எட்டு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விட்டான். லிஃப்ட் மோட்டார் ஓடுகிற அறைக்குப் பக்கத்தில் பழைய பம்ப் அறை ஒன்று சும்மா கிடந்தது. கட்டடத்துச் சங்கம் அவனுக்கு விட்டுக்கொடுத்தது. எட்டாவது மாடியிலிருந்து செங்குத்தான இரும்பு ஏணி ஏற வேண்டும். அண்ணிக்கு முழங்கால் ஒத்துக்கொள்ளாது. அவள் அந்த அறையைப் பார்த்ததே இல்லை.

அங்கே அவன் ராஜா. சுவர் முழுக்க ரேடியோ. மேஜையில் ஒரு பல்பு ஹோல்டர், சீரிஸ் பல்பு என்பான். பல வருஷம் கிடந்த ரேடியோவை நேராக மின்சாரத்தில் சொருகவே மாட்டான். அந்தப் பல்பு வழியாகத்தான் கொடுப்பான். உள்ளே எங்கேயாவது பழுது இருந்தால் பல்பு பளீரென்று எரியும், ரேடியோ தப்பித்துவிடும். பாகங்களில் அசல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பான். திருகாணிகூட அந்தக் காலத்துத் திருகாணியாக இருக்க வேண்டும். பழைய பெட்டிக்குள் புளூடூத் வைத்துப் பாடவைக்கிறவர்களைப் பிணத்துக்குப் பவுடர் போடுகிறவர்கள் என்பான்.

அண்ணியின் ரேடியோவுக்கு மூன்று மாதம் பிடித்தது. உள்ளே எலிக்கூடு, டிரான்ஸ்ஃபார்மர் கருகியிருந்தது, ஸ்பீக்கர் காகிதத்தை எலி தின்றிருந்தது. வேலை முடிந்து தினமும் அங்கேதான் போவான். அண்ணி தினமும் கேட்பாள், ஆச்சா என்று. ஆகிட்டே இருக்கு என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கடையில் மெஷின் பேப்பரைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அவன் போனை எடுக்கவில்லை. திட்டிக்கொண்டே எட்டாவது மாடிக்குப் போய் ஏணியில் கால் வைத்தேன். பாட்டு கேட்டது.

எனக்குப் பாட்டில் பெரிய ஞானம் கிடையாது. ஆனால் அந்தச் சத்தம் என் கடைப் போனில் வருகிற சத்தம் இல்லை. பாடுகிறவள் பக்கத்து அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. கீழே யாரோ லிஃப்ட் பொத்தானை அழுத்தியதும் மோட்டார் ஓடி, பாட்டில் கர்ரென்று ஒரு கீறல் விழுந்தது. லிஃப்ட் நின்றதும் மறுபடி சுத்தமாகிவிட்டது. மெஷினை மறந்து ஏணியிலேயே நின்றுவிட்டேன்.

"பாடுதே. அப்பறம் என்ன? இன்னைக்கே எடுத்துட்டுப் போ" என்றேன்.

"கண்ணு வரல பாப்பா."

"எது வரல?"

"கண்ணு. பழசு எரிஞ்சு தீர்ந்து போச்சு. கையால மறைச்சு இருட்டாக்கிப் பார்த்தாக்கூடத் தெரியல. புதுசு சொல்லியிருக்கேன்."

"அது இல்லாமப் பாடாதா?"

"பாடுது, பாக்குறியே. அது சும்மா காட்டுறதுதான். பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"அப்ப அதத் தூக்கிக் குப்பைல போட்டுட்டு அண்ணிகிட்டக் குடு."

அவன் ரேடியோவை அணைத்தான். கையிலிருந்த துணியால் கண்ணாடியை ஓரமாக, எழுத்தில் படாமல் துடைத்தான். "அவ என்ன சொன்னா, கேட்டல்ல? மொதல்ல அதத்தான் பாப்போம்னு சொன்னா. ஒரு தடவதான் பாப்பா குடுக்கப்போறேன். குருட்டு ரேடியோவக் கொண்டுபோய் வைக்கச் சொல்றியா? ரெண்டு வாரத்துல வந்துடும். நீ வாயத் திறக்காத. அவளுக்குத் தெரியக்கூடாது."

நான் கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். கடைசியில் இரண்டு வாரம்தானே என்று ஒப்புக்கொண்டேன். நான் யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்கிறவள் இல்லை. அந்த ஒரு தடவை ஒப்புக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் வந்த கண் தபாலில் உடைந்து வந்தது. அடுத்தது வர ஆறு வாரம், அதன் அடிப்பாகத்தில் ஊசிகள் வேறு மாதிரி இருந்தன. வேறு சாக்கெட் வைத்து மாட்டலாம், ஆனால் அசல் சாக்கெட்டைக் கழற்ற மனசு வரவில்லை அவனுக்கு. மூன்றாவது நன்றாகப் பொருந்தியது, ஆனால் மங்கல். இது போதும் என்று நான் சொன்னேன். "பகல்ல தெரியாது பாப்பா" என்றான். பாடுகிற ரேடியோ எட்டாவது மாடிக்கு மேல் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. அண்ணி கீழே தரைத்தளத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த மாதங்களில் நடந்ததையெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். அப்போது எதுவும் உறைக்கவில்லை.

அண்ணி போனில் பேசுவதை நிறுத்தினாள். எதற்கெடுத்தாலும் மெசேஜ்தான். "இருபத்தாறு வருஷம் போன்லயே பேசினேன், போதும்பா" என்று எழுதியிருந்தாள். நியாயம்தானே என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் மார்க்கெட்டில் அவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டேன், திரும்பாமல் போனாள். என்ன திமிர் என்று நான்கு நாள் அவள் வீட்டுப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் அவளே கடைக்கு வந்து, "என்ன நாத்தனாரம்மா, கோவமா?" என்று கன்னத்தைக் கிள்ளினாள். வக்கீலைப் பற்றி ஒரு நாள், "அந்த மனுஷன் பேசுறதெல்லாம் மீசைக்குள்ளயே போயிடுது, ஒண்ணும் புரியல" என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அண்ணனுக்கு அந்த நாட்களில் ஒரே பூரிப்பு. "முன்னெல்லாம் நான் சாப்பிடறப்ப அவ அடுப்படில இருந்தே பேசுவா. இப்ப எதிர்ல வந்து உக்காந்து என் மூஞ்சியவே பாத்துட்டு இருக்கா பாப்பா. இந்த வயசுல" என்று வெட்கப்பட்டான். பைத்தியக்காரன். நானும்தான் பைத்தியக்காரி. கொடுத்துவைத்தவன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னொன்று. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சாப்பாடு இறங்காது. ஒரு நாள் கடையில் நான் குனிந்து நகல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி கேட்டாள்: "நீ மேல போனியாமே. ரேடியோ எப்படி இருக்கு? பாடுதா?"

"இன்னும் வேலை இருக்காம்" என்றேன், குனிந்தபடியே.

"என்னப் பாத்துச் சொல்லு."

என் பொய் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்து, நன்றாக வாயைத் திறந்து மறுபடி அதே பொய்யைச் சொன்னேன். "இன்னும் வேலை இருக்காம் அண்ணி."

அவள் தலையாட்டினாள். "சரி, மெதுவா வரட்டும்" என்றாள். மெஷின் சத்தத்தில் நான்தான் அதைச் சரியாகக் கேட்கவில்லை. அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

ரேடியோ பாட ஆரம்பித்து எட்டாவது மாதம் கண் வந்தது. அண்ணன் மாதிரியே இன்னொரு ரேடியோ கிறுக்கரிடம் பெட்டி திறக்காத புது வால்வு ஒன்று இருந்தது. அதை விற்கமாட்டேன், மாற்றிக்கொள்வேன் என்றார். அண்ணனிடம் கைக்கடக்கமான ஒரு சிவப்பு ரேடியோ உண்டு, அவன் முதன்முதலாகச் சரிசெய்தது. யார் தொட்டாலும் பதறுவான். அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு ஒரு கட்டைவிரல் அளவு கண்ணாடியோடு திரும்பி வந்தான். நாற்பத்தொன்று நாற்பதானது அப்படித்தான். அவன் முகத்தில் வருத்தமே இல்லை. வாயெல்லாம் சிரிப்பு.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மீடியம் வேவில் பழைய பாட்டு போடுவார்கள். அந்த நேரத்துக்கு ரேடியோவைக் கொண்டுவந்தான். இரும்பு ஏணியில் கயிறு கட்டி இறக்கினோம். நான் கீழே நின்று பிடித்தேன். கூடத்து மேஜையைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தாள் அண்ணி. நல்ல புடவை கட்டிக்கொண்டு தலை வாரியிருந்தாள். ரேடியோவை வைத்ததும் கருகலின் மேல் ஒரு தடவை கை வைத்துவிட்டு நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அந்த ரேடியோவில் இடது பக்கக் குமிழ்தான் சுவிட்ச்சும் சத்தமும். திருப்பினால் டிக்கென்று ஆன் ஆகும், இன்னும் திருப்பினால் சத்தம் கூடும். அண்ணன் டிக் வரைக்கும் திருப்பிவிட்டுக் கையை எடுத்துவிட்டான். மீதியை அவள் திருப்பட்டும் என்று. அதை அவன் எத்தனை நாள் யோசித்து வைத்திருந்தானோ. பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றான்.

வால்வு சூடாக அரை நிமிஷம் ஆகும். முதலில் ஸ்டேஷன் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் வந்தது. பிறகு மேலே அந்த வட்டத்துக்குள் பச்சை. மெல்ல, தண்ணீர் ஊறுவது மாதிரி வந்தது. நடுவில் அகலமாக இருட்டு இடைவெளி. அண்ணி, "ஐயோ, கண்ணு" என்றாள். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அண்ணி கையை நீட்டினாள். இடது குமிழுக்கு இல்லை. வலது பக்கக் குமிழைத் தொட்டு, ஸ்டேஷன் முள்ளை மெல்ல நகர்த்தினாள். கண்ணைப் பார்த்துக்கொண்டே நகர்த்தினாள். இடைவெளி குறுகியது. இன்னும் குறுகியது. பச்சையின் இரண்டு பக்கமும் வந்து சேர்ந்து மூடிக்கொண்டது. அவள் கையை எடுத்தாள். நாற்காலியில் சாய்ந்தாள்.

"கேக்குதுங்க" என்றாள். "நல்லா கேக்குது. அப்படியே எங்க வீட்டுல கேட்ட மாதிரியே இருக்கு."

வீட்டில் சத்தமே இல்லை. வெளியே யாரோ வண்டியைக் கிளப்புவது கேட்டது. இடது பக்கக் குமிழில் வெள்ளைக் கோடு ஒன்று உண்டு, அது அடியிலேயே, சத்தம் தொடங்காத இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. நான் கோட்டைப் பார்த்தேன். அண்ணனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி கண்ணைப் பார்த்தபடி முழங்காலில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. எட்டு மாதம். எட்டு மாதம் அது பாடிக்கொண்டிருந்தது, நான் ஏணியில் நின்று கேட்டேன், இவள் கேட்கவில்லை. யாருக்காகச் சரிசெய்தானோ அவளைத் தவிர மற்ற எல்லோரும் கேட்டாயிற்று, கட்டடத்து வாட்ச்மேன்கூடக் கேட்டிருக்கிறான்.

அண்ணன் என் கையை விட்டான். சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் போனான். தூசி துடைக்கிறவன் மாதிரி மேல்பலகையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இடது குமிழைக் கொஞ்சம் திருப்பினான். பாட்டு வந்தது. யாரோ ஒருத்தி நிதானமாகப் பாடிக்கொண்டிருந்தாள், பாதிப் பாட்டுக்கு மேல் போயிருந்தது. அண்ணியின் முகம் அசையவில்லை. இன்னும் திருப்பினான். அவள் விரல் அதே தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்தது. பாட்டின் தாளம் வேறாக இருந்தது. கோடு பாதிக்கு வந்தது, முக்காலுக்கு வந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கடைசி வரைக்கும் திருப்பினான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்து, நன்றாக இருக்கிறது என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு மறுபடி கண்ணைப் பார்த்தாள்.

மேலே தரையைத் தட்டினார்கள். பிறகு மாடிப்படியில் செருப்புச் சத்தம். திறந்திருந்த கதவில் வக்கீல் வந்து நின்றார், மீசை துடிக்க. "என்ன சார் நினைச்சுட்டு இருக்கீங்க? இது வீடா, என்ன இது? மனுஷன் குடியிருக்க வேணாமா?" அந்தச் சத்தத்தில் அவர் சொன்னது எனக்கே பாதிதான் கேட்டது. அண்ணன் ரேடியோவுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றான். அவன் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கிற துணி கையில்தான் இருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

அண்ணி திரும்பி வக்கீலைப் பார்த்தாள். அவர் மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"என்ன சொல்றாரு?"

அண்ணன் அவள் எதிரே வந்தான். லிஃப்ட் மெக்கானிக் முட்டி போட்டு உட்கார்ந்தான், முகம் அவள் முகத்துக்கு நேராக வருகிற மாதிரி. அவசரமில்லாமல், உதடு நன்றாகத் தெரியும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"ரேடியோ நல்லா பாடுதாம். அதச் சொல்லத்தான் வந்தாராம்."

வக்கீலின் வாய் நின்றுவிட்டது. அவனைப் பார்த்தார், குமிழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் காதைத் தொட்டு, தலையை ஆட்டிக் காட்டினேன்.

அண்ணிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. புருஷனின் கன்னத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்தாளோ என்னவோ, எனக்குத் தெரியாது. நான் இன்று வரை கேட்டதில்லை.

"எங்க அப்பா வீட்டு ரேடியோ சார்" என்றாள் வக்கீலிடம், கொஞ்சம் உரக்க. "இவருதான் சரி பண்ணாரு. அவசரமே படல. ஒவ்வொண்ணா பாத்துப் பாத்துப் பண்ணாரு."

வக்கீல் இரண்டு கையையும் கூப்பினார். "நல்லா இருக்கும்மா" என்றார். மேலே போய்விட்டார். அதன் பிறகு தரையைத் தட்டவில்லை. நிகழ்ச்சி முடிகிற வரைக்கும் அண்ணன் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தான், சத்தத்தைக் குறைக்கவில்லை.